ஓர் ஆய்வாளரின் பெயருக்குக் கீழே இருக்கும் எண்களை எப்படிப் படிப்பது?

தருமபுரியில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். தேர்வு நெருங்கும் காலத்தில் பழைய வினாத்தாள் கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம். சென்ற பங்குனியில் உளவியல் முதுகலை கடைசிப் பருவம் படிக்கும் ஒரு மாணவி வேறொரு கேள்வியோடு வந்தார். பென்னாகரம் பக்கம் ஒரு கிராமம். கையில் இருந்த நோட்டில் இரண்டு பேராசிரியர்களின் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் கீழே மூன்று எண்கள். அவர்கள் கட்டுரைகளை மற்ற ஆய்வாளர்கள் எவ்வளவு மேற்கோள் காட்டினார்கள் என்பதை வைத்துப் போடும் எண்கள் அவை.

"சார், ரெண்டு பேருமே மூளை ஆராய்ச்சிதான். இவருக்கு ஹெச்-இன்டெக்ஸ் 41. இவங்களுக்கு 14. பிஎச்.டி.க்கு யாருக்கு எழுதுறது? 41தானே பெருசு?"

"மூளை ஆராய்ச்சின்னு எப்படிம்மா முடிவு பண்ணுன?" என்று முதலில் கேட்டேன். பாட்டியைப் பற்றிச் சொன்னார். பக்கவாதம் வந்து, இங்கே முதலுதவி பார்த்து, பிறகு பெங்களூர் வரை கொண்டுபோய்ப் பிழைத்து வந்தவர். கண்ணில் கோளாறு இல்லை என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் தட்டில் களியும் கீரைக் கடைசலும் வைத்தால் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் போடு, பசி அடங்கல" என்பாராம். இடது பாதி தொடாமல் அப்படியே இருக்கும். ஒருநாள் அம்மா பொறுமை இழந்து தட்டைத் திருப்பி வைத்தார். "இப்பத்தான் போட மனசு வந்துச்சா" என்று சொல்லிக்கொண்டே பாட்டி மீதியையும் சாப்பிட்டார்.

அந்தத் தட்டைப் பார்த்த நாளிலிருந்துதான் இந்தப் பெண்ணுக்கு இந்த ஆசை. அவருடைய கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு இரண்டு மதியங்கள் பிடித்தன. அதே கேள்வியோடு தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் இன்னும் பல பிள்ளைகள் இருப்பார்கள் என்பதால் அன்று பேசியதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் துறையைச் சொல்லிவிடுகிறேன். பார்ப்பது, கவனிப்பது, நினைவில் வைப்பது, பேசுவது, முடிவெடுப்பது, இவையெல்லாம் மூளையின் எந்தெந்தப் பகுதிகள் சேர்ந்து எப்படிச் செய்கிற வேலை என்று தேடும் துறைதான் அறிதல்சார் நரம்பியல். வகுப்பில் காக்னிட்டிவ் நியூரோசயின்ஸ் என்றே சொல்கிறோம். மைக்கேல் கசானிகா, ஜார்ஜ் மில்லர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1970களின் கடைசியில் நியூயார்க்கில் ஒரு டாக்சியில் போகும்போது இந்தப் பெயரை வைத்தார்கள். பாட்டிக்கு வந்ததற்கும் இந்தத் துறையில் பெயர் உண்டு: இடப்பக்கப் புறக்கணிப்பு. பெரும்பாலும் மூளையின் வலது பாதி அடிபடும்போது வருவது. கண் பார்க்கிறது, ஆனால் கவனம் இடது பக்கம் போக மறுக்கிறது.

சரி, மேற்கோளுக்கு வருவோம். ஆய்வுக்கட்டுரை எழுதுகிறவர் தனக்கு முன்னால் அந்தப் பாதையில் நடந்தவர்களைச் சொல்லித்தான் ஆக வேண்டும். "இன்னார் இப்படிக் கண்டார், நான் அதிலிருந்து தொடங்குகிறேன்" என்று எழுதி, கடைசியில் அவர்கள் கட்டுரைகளைப் பட்டியல் போடுவார். நமக்கு இது பழகிய வழக்கம்தான். தொல்காப்பியர் இலக்கணம் சொல்லும்போதே "என்மனார் புலவர்" என்று முன்னோர்மேல் ஏற்றித்தான் சொல்கிறார். உங்கள் கட்டுரை வேறொருவர் கட்டுரையின் பட்டியலில் ஏறினால், உங்கள் கணக்கில் ஒரு மேற்கோள். சைட்டேஷன் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான்.

பாட்டியின் தட்டோடு தொடர்புடைய ஒரு கட்டுரையையே எடுத்துக்கொண்டோம். 1978இல் இத்தாலியின் மிலான் நகரத்து ஆய்வாளர்கள் எடோர்டோ பிசியாக், கிளாடியோ லுட்சாட்டி இருவரும் ‘கார்டெக்ஸ்’ என்ற இதழில் எழுதியது. ஐந்தாறு பக்கம்கூடத் தாண்டாது. இடப்பக்கப் புறக்கணிப்பு உள்ள இரண்டு நோயாளிகளிடம், அவர்கள் நன்றாக அறிந்த மிலான் பேராலயச் சதுக்கத்தை மனக்கண்ணில் பார்க்கச் சொன்னார்கள். சதுக்கத்தின் எதிர்முனையில், பேராலயத்தைப் பார்த்து நிற்பதாக நினைத்துக்கொண்டு என்னென்ன கட்டடங்கள் தெரிகின்றன என்று சொல்ல வேண்டும். வலது பக்கம் இருப்பவற்றைச் சொன்னார்கள், இடது பக்கம் பெரும்பாலும் விட்டுப்போயிற்று. அப்புறம், இப்போது பேராலய வாசலில் நின்று சதுக்கத்தைப் பார்க்கிறீர்கள் என்றார்கள். இந்த முறை, முன்பு விட்டுப்போன கட்டடங்களெல்லாம் வாயில் வந்தன. முன்பு சொன்னவை விட்டுப்போயின.

"நம்ம நாலு ரோட்டுல சேலம் பக்கம் பார்த்து நிக்கறதா நினைச்சுக்கச் சொல்லி பாட்டிகிட்ட கேட்டா, வலது கைப்பக்கக் கடைங்க மட்டும் வரும். அப்படியே எதிர்ப்பக்கம் திரும்பி நிக்கறதா நினைங்கன்னு சொன்னா மீதிக் கடைங்க வரும், அப்படித்தானே சார்?" என்றார் மாணவி. அதேதான். நினைவு எங்கும் போகவில்லை, ஊர் முழுதும் உள்ளேதான் இருக்கிறது. கண்ணுக்கு எதிரே இருக்கும் தட்டில் மட்டுமில்லை, மனத்துக்குள் விரியும் ஊரிலும் கவனம் இடது பக்கத்தை விட்டுவிடுகிறது என்று இரண்டே நோயாளிகளை வைத்து அந்தக் கட்டுரை காட்டியது. அரை நூற்றாண்டு ஆகப்போகிறது, இன்னும் மேற்கோள் வந்துகொண்டே இருக்கிறது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கட்டுரைகளில் இதுவும் ஒன்று.

இப்படி வரும் மேற்கோள்களை எண்ணும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்தால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும். அது நீதிமன்றத்திலிருந்து வந்தது. வழக்கறிஞர் ஒருவர் பழைய தீர்ப்பு ஒன்றைக் காட்டி வாதாடுகிறார். எதிர்த்தரப்பு எழுந்து, "அந்தத் தீர்ப்பை மேல் நீதிமன்றம் அப்போதே ரத்து செய்துவிட்டது" என்றால் வாதம் சரிந்துவிடும். அமெரிக்காவில் 1873 முதல் ‘ஷெப்பர்ட்ஸ்’ என்ற தொகுப்பு, ஒவ்வொரு தீர்ப்பையும் பின்னால் வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்துப் பேசின என்று பட்டியல் போட்டது. ஏற்றுக்கொண்டதா, மறுத்ததா, ரத்து செய்ததா என்பதற்கும் அதில் குறியீடு உண்டு. இதைப் பார்த்துத்தான் யூஜின் கார்ஃபீல்டு என்ற அமெரிக்கர், அறிவியலுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று 1955இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார். 1964இல் அவருடைய நிறுவனம் ‘சயின்ஸ் சைட்டேஷன் இன்டெக்ஸ்’ என்ற அட்டவணையை வெளியிட்டது. இன்று வெப் ஆஃப் சயின்ஸ் என்று கணினியில் இருப்பது அதன் வழிவந்ததுதான்.

ஒன்று மட்டும் வழியிலேயே கழன்று விழுந்துவிட்டது. யார் எடுத்துப் பேசினார்கள் என்பது வந்தது. எதற்காகப் பேசினார்கள் என்ற அந்தக் குறியீடு வரவில்லை. ஏற்றதும் ஒன்று, மறுத்ததும் ஒன்று என்றுதான் எண்ணிக்கையில் ஏறுகிறது. மாணவியின் நோட்டில் இருந்த எண்களும் அப்படிப்பட்டவையே.

அந்த மூன்று எண்களையும், ஆய்வுக்கட்டுரைகளைத் தேட உதவும் கூகுள் ஸ்காலர் பக்கத்திலிருந்து எழுதி வந்திருந்தார். மொத்த மேற்கோள், ஹெச்-இன்டெக்ஸ், ஐ10-இன்டெக்ஸ். முதலாவதற்கு விளக்கம் தேவையில்லை. ஹெச்-இன்டெக்ஸைத்தான் பலரும் மந்திரம்போலச் சொல்கிறார்கள், கணக்கு தெரிந்தவர்கள் குறைவு. ஒன்பது கட்டுரை எழுதிய ஒருவரை நாங்களே கற்பனை செய்து, நோட்டின் புதுப் பக்கத்தில் கோடு போட்டுக் கணக்குப் பார்த்தோம்.

அதிக மேற்கோளிலிருந்து குறைவுக்கு வரிசைப்படுத்தி எழுத வேண்டும்: 310, 96, 40, 22, 11, 6, 5, 2, 0. மொத்தம் 492. இப்போது பக்கத்தில் 1, 2, 3 என்று வரிசை எண் போடுங்கள். முதல் கட்டுரைக்கு 310, வரிசை எண்ணான 1ஐவிடப் பெரியது. இரண்டாவதற்கு 96, பெரியது. இப்படியே கீழே வந்தால் ஐந்தாவதற்கு 11, ஆறாவதற்கு 6. ஆறும் ஆறும் சமம். ஏழாவதற்கு 5தான், ஏழுக்குப் பத்தாது. அங்கே ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு மேலே ஆறு கட்டுரைகள். அவருடைய ஹெச்-இன்டெக்ஸ் 6. அதாவது, குறைந்தது ஆறு மேற்கோள் பெற்ற கட்டுரைகள் ஆறு இருக்கின்றன. ஐ10 இன்னும் எளிது: பத்தோ அதற்கு மேலோ மேற்கோள் வாங்கிய கட்டுரைகள் எத்தனை? இங்கே ஐந்து.

இந்தக் கணக்கை 2005இல் சொன்னவர் ஜார்ஜ் ஹிர்ஷ், கலிபோர்னியாவில் இயற்பியல் பேராசிரியர். அவர் தேடியதும் நியாயமான ஒன்றுதான். காவேரிப்பட்டணம் பக்கம் தோப்பு குத்தகைக்கு எடுப்பவர்களைப் பாருங்கள். ஒரு மரம் மட்டும் காய்த்துக் குலுங்கினால் விலை பேசிவிட மாட்டார்கள். எத்தனை மரம் கூடை நிறையக் கொடுக்கிறது என்று தோப்பைச் சுற்றி வந்து பார்ப்பார்கள். ஒருவருடைய ஒரே கட்டுரை புகழ்பெற்றதால் அவரை உயரத்தில் வைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் ஹெச்.

ஆனால் அதே நோட்டுப் பக்கத்திலேயே இன்னொன்றையும் பார்த்தோம். முதல் கட்டுரையின் 310ஐ 3100 ஆக்கினேன். ஹெச் 6தான், அசையவில்லை. அப்புறம் ஆறாவது கட்டுரைக்கு ஒரு மேற்கோளும் ஏழாவதற்கு இரண்டும் கூட்டினேன். மூன்றே மூன்று மேற்கோள், ஹெச் 7 ஆகிவிட்டது. துறையைப் புரட்டிப்போட்ட கட்டுரைக்கு மதிப்பில்லை, சரியான இடத்தில் விழுந்த மூன்று மேற்கோளுக்கு மதிப்பு. மாணவி கொஞ்சநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ நாமளே நம்மளை மேற்கோள் காட்டிக்கிட்டா?"

நல்ல கேள்வி. தன் பழைய கட்டுரையைத் தானே காட்டுவது தவறில்லை, ஆய்வு தொடர்ச்சியாகப் போனால் காட்டித்தான் ஆக வேண்டும். அளவு மீறினால்தான் சிக்கல். நம்மூர்க் கல்யாணத்தில் மொய் நோட்டைப் பார்த்தால் யார் யாருக்கு எழுதினார்கள் என்று தெரியும். நீங்கள் எனக்கு எழுதியதை நான் உங்கள் வீட்டு விசேஷத்தில் திருப்பி எழுதுவேன், அது உறவு. மேற்கோளில் அதே வேலை நடந்தால், நாலைந்து பேர் கூடிக்கொண்டு ஒருவர் மாற்றி ஒருவர் எழுதிக்கொண்டால், எண்ணிக்கை ஏறும், அறிவு ஏறாது. ஒருவருக்கு வந்த மேற்கோள்களைத் திறந்து பார்க்கும்போது அதே நாலைந்து பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தால் நின்று கவனியுங்கள்.

இன்னொரு விஷயம், எந்த வகைக் கட்டுரை என்பது. புதுக் கண்டுபிடிப்பைவிடச் செய்முறைக் கட்டுரைகளுக்கு மேற்கோள் குவியும். கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்க 1951இல் லௌரியும் உடன் பணியாற்றியவர்களும் எழுதிய கட்டுரைக்கு மூன்று லட்சத்துக்கும் மேல் மேற்கோள். அந்த முறையைப் பயன்படுத்திய ஒவ்வொருவரும் அதைச் சொன்னார்கள், அவ்வளவுதான் காரணம். துறை முழுவதையும் தொகுத்துச் சொல்லும் மதிப்பாய்வுக் கட்டுரைகளும் அப்படியே. கவனம் மூளையில் எப்படி இயங்குகிறது என்று கொர்பெட்டாவும் ஷுல்மனும் 2002இல் எழுதிய தொகுப்பைப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் காட்டியிருக்கின்றன. அருமையான கட்டுரை, மாணவிக்கு முதலில் படிக்கக் கொடுத்ததும் அதைத்தான். ஆனால் அந்த எண்ணையும் மிலான் கட்டுரையின் எண்ணையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

மறுக்கப்பட்ட கட்டுரைகள் வேறு இருக்கின்றன. 2006இல் ‘நேச்சர்’ இதழில் அல்சைமர் நோய் பற்றி ஒரு கட்டுரை வந்தது. மறதிக்குக் காரணமான ஒரு புரதத் திரளைச் சுண்டெலிகளில் கண்டுபிடித்துவிட்டோம் என்றது. இரண்டாயிரத்துக்கும் மேல் மேற்கோள். அதிலிருந்த படங்களில் கைவைத்து மாற்றியிருக்கிறார்கள் என்று பின்னால் தெரியவந்து, 2024இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அதன்மேல் நின்று மற்றவர்கள் செலவழித்த ஆண்டுகளையும் பணத்தையும் நினைத்தால் மனம் வலிக்கிறது. மறதி நோயோடு வீட்டில் அப்பாவையோ அம்மாவையோ வைத்திருப்பவர்களுக்கு அந்த ஆண்டுகளின் அருமை தெரியும். எண்ணிக்கையில் அந்த மேற்கோள்கள் இன்றைக்கும் மேற்கோள்கள்தான்.

இதுவரை சொன்னது எந்தத் துறைக்கும் பொருந்தும். மூளை ஆய்வுக்கே உரியவை சில உண்டு. ஒன்று, பெயர் வரிசை. இந்தத் துறையில் ஒரு கட்டுரைக்கு ஐந்து பேர், பத்துப் பேர் சேர்ந்து எழுதுவது சாதாரணம். பொதுவாக முதல் பெயர், உட்கார்ந்து வேலை செய்தவருடையது, பெரும்பாலும் மாணவர். கடைசிப் பெயர் ஆய்வகத்தை நடத்துபவருடையது. நடுவில் இருப்பவர்கள் ஸ்கேன் எடுக்க உதவியிருக்கலாம், புள்ளியியல் பார்த்திருக்கலாம். மேற்கோள் கணக்கு எல்லோருக்கும் முழுதாகவே ஏறும். எனவே ஒருவருடைய பக்கத்தைப் பார்க்கும்போது, எத்தனை கட்டுரைகளில் அவர் முதலாவதாகவோ கடைசியாகவோ இருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். கைடாகப் போகிறவர் என்றால், அவர் கடைசியில் நிற்கும் கட்டுரைகளில் முதலில் நிற்பது அவருடைய மாணவர்கள்தானா என்று பாருங்கள். மாணவர் பெயரை முன்னே வைக்கிறாரா என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது, எஃப்எம்ஆர்ஐ என்ற மூளை ஸ்கேன். மூளையில் எந்த இடம் சுறுசுறுப்பாகிறதோ அங்கே ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் கூடுதலாகப் பாயும். செய்ஜி ஒகாவா 1990இல் காட்டிய இந்த அடையாளத்தை வைத்துத்தான் அந்த ஸ்கேன் படம் எடுக்கிறது. ஒரு மூளையைப் பல ஆயிரம் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிப்பதால், ஒன்றுமே நடக்காத இடத்திலும் தற்செயலாக ஏதோ நடப்பதுபோல் காட்டிவிடும். இதை நிரூபிக்க கிரேக் பென்னெட் என்ற ஆய்வாளரின் குழு கடையில் வாங்கிய, செத்த சால்மன் மீனை ஸ்கேனுக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, படத்தில் இருப்பவர்கள் என்ன உணர்கிறார்கள் என்று அந்த மீனிடமே கேட்டுச் சோதித்தது. தற்செயல் பிழைக்கான திருத்தத்தைச் செய்யாமல் கணக்குப் போட்டால், செத்த மீனின் மூளையில் சுறுசுறுப்பு தெரிந்தது. திருத்தம் செய்ததும் மறைந்தது. 2009இல் கருத்தரங்கு ஒன்றில் சுவரொட்டியாக வைத்தது அது. அதற்கும் நிறைய மேற்கோள் உண்டு. மீன் சிந்திக்கிறது என்று யாரும் அதைக் காட்டுவதில்லை, இப்படிப் பிழை செய்யாதீர்கள் என்பதற்காகக் காட்டுகிறார்கள்.

இதழின் இம்பாக்ட் ஃபேக்டர் பற்றியும் கேட்டார். சுருக்கமாகச் சொன்னேன்: ஓர் இதழில் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு சராசரியாக எத்தனை மேற்கோள் வந்தது என்பதே அது. வகுப்பின் சராசரியை ஒரு மாணவரின் மதிப்பெண் பட்டியலில் எழுத முடியாதல்லவா? ஓர் ஆளை எடைபோட அதைப் பயன்படுத்தாதீர்கள் என்று 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய ஆய்வாளர்களும் இதழாசிரியர்களும் அறிக்கையே எழுதினார்கள்.

எண்ணுக்கு ஆசைப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு என் வீட்டிலேயே ஓர் அனுபவம் உண்டு. என் தம்பி மகன் ஆய்வு மாணவனாக இருந்தபோது, பெரிய பெயர் கொண்ட ஓர் இதழிலிருந்து மின்னஞ்சல் வந்தது. மூன்று நாளில் வெளியிடுவோம், இம்பாக்ட் ஃபேக்டர் உண்டு, பணம் மட்டும் கட்டினால் போதும் என்றார்கள். கட்டினான். யாரும் படித்துத் திருத்தம் சொல்லாமல் எழுத்துப்பிழைகளோடு அப்படியே வந்தது. ஆய்வேடு கொடுக்கும் நேரத்தில் அந்த இதழைக் கணக்கில் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு வருட உழைப்பு அந்தக் கட்டுரையில் இருந்தது. கேட்காமலே அழைப்பு வந்தால், மூன்று நாளில் போடுகிறோம் என்றால், பணத்தை எடுக்க வேண்டாம். முதலில் நூலகத்துக்கு வாருங்கள்.

மறுநாள் மதியம் நாங்கள் அந்த இரண்டு பேராசிரியர்களின் பக்கங்களையும் திறந்தோம். 41 உள்ளவர் முப்பது வருடமாக எழுதுகிறவர். ஹெச் ஏறுமே தவிர இறங்காது என்பதால் வயதும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது. அவருடைய மேற்கோள்களில் பாதிக்கு மேல் ஒரு செய்முறைக் கட்டுரைக்கும் ஒரு தொகுப்புக் கட்டுரைக்கும் வந்தவை. திறமையானவர், ஐயமில்லை. ஆனால் அவர் வேலை முழுவதும் நினைவைப் பற்றியது. 14 உள்ள அம்மையார் எழுதத் தொடங்கி ஒன்பது வருடம்.

அம்மையாரின் பட்டியலில் நடுவில் இடப்பக்கப் புறக்கணிப்பு பற்றி ஒரு கட்டுரை, மேற்கோள் பன்னிரண்டுதான். அந்த எண்ணின்மேல் அழுத்தினால் மேற்கோள் காட்டிய பன்னிரண்டும் வரும். மாணவி ஒவ்வொன்றையும் திறந்து, இந்தக் கட்டுரையின் பெயர் வரும் வாக்கியத்தை மட்டும் தேடி நோட்டில் எழுதினார். பக்கத்தில் நான் சொன்னபடி ஒரு குறி: "பயன்படுத்தினார்", "மறுத்தார்", "சும்மா பெயர் சொன்னார்". பன்னிரண்டில் ஐந்து சும்மா. இரண்டு பேர், நோயாளிகள் எண்ணிக்கை போதாது என்று குறை சொல்லியிருந்தார்கள். ஐந்து பேர், பக்கவாதம் வந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் இடங்களிலிருந்து அந்த முறையை எடுத்துச் செய்து பார்த்திருந்தார்கள். அவற்றில் ஒன்றில், இடது பக்கச் சோற்றை விட்டுவிடும் நோயாளிகளுக்குத் தட்டின் இடது விளிம்பில் சிவப்புப் பட்டை ஒட்டிக் கண்ணை அங்கே கொண்டுவரும் பயிற்சி.

அந்தக் கட்டுரையை அவர் அங்கேயே உட்கார்ந்து முழுதாகப் படித்தார். நோயாளி எண்ணிக்கை போதாது என்று குறை சொன்ன இரண்டையும் பிரதி எடுத்துக்கொண்டார். பென்னாகரம் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பும்போது, அம்மையாருக்கு எழுதும் மின்னஞ்சலின் முதல் பத்தியை நோட்டில் காட்டினார். களி, கீரைக் கடைசல், திருப்பி வைத்த தட்டு, அதிலிருந்துதான் தொடங்கியிருந்தார். இரண்டாவது பத்தியில், குறை சொன்ன இரண்டு கட்டுரைகளைப் பற்றி ஒரு கேள்வி.